ஸ்கூட்டர் இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

பிரேக் லைட் எரிகிறதா என்பது வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். அதனால் அது எத்தனை நாள் எரியாமல் கிடந்தாலும் நமக்கு உறைப்பதில்லை. நானே இரண்டு வாரமாவது பிரேக் லைட் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் பின்னால் வந்தவர்கள் என் வேகம் குறைவதைக் கண்ணால் கணக்குப் போட்டே தப்பித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதே வண்டியில் அப்புறம் இண்டிகேட்டரும் தகராறு செய்தது. முதலில் இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ரிலேயை மாற்றினேன். பிறகு பல்புகளை மாற்றினேன். கடைசியில் ஸ்விட்சையும் மாற்றினேன். மூன்று பாகமும் நன்றாகவே இருந்திருக்கின்றன. பின்பக்க மட்கார்டுக்கு உள்ளே ஓர் எர்த் வயரின் வளையம் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான் பழுது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. பாகத்தை மாற்றி மாற்றிப் பழுதைத் தேடினால் இப்படித்தான் ஆகும். எது எரியவில்லை என்பதோடு, எது இன்னும் எரிகிறது என்பதையும் கவனித்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது. கீழே உள்ள வழிமுறை முழுவதும் அந்தக் கவனிப்பைச் சுற்றித்தான்.

முதலில் மின்சாரம் போகும் பாதை

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ் வழியாகச் சாவி ஸ்விட்சுக்கு வருகிறது. அங்கிருந்து கிளைகள் பிரிகின்றன.

இண்டிகேட்டர் கிளை ஃபிளாஷர் ரிலேக்குப் போய், அங்கிருந்து ஹேண்டில் ஸ்விட்சுக்கு வந்து, இடம் வலம் என்று இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பக்கத்திலும் முன் பல்பு பின் பல்பு இரண்டுக்கும் போகிறது. பிரேக் கிளையில் இரண்டு பிரேக் லிவரிலும் ஆளுக்கொரு சிறு ஸ்விட்ச் இருக்கும். இரண்டில் எது மூடினாலும் ஒரே வயர் வழியாகப் பின்னால் உள்ள பல்புக்கு மின்சாரம் போகும். அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள்: 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக் லைட்டுக்கு. எல்லாப் பல்புகளிலிருந்தும் மின்சாரம் எர்த் வயர் வழியாக வண்டியின் சட்டத்துக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் திரும்ப வந்தாக வேண்டும். போகும் பாதையை எல்லோரும் சோதிப்பார்கள். திரும்பி வரும் பாதையை யாரும் பார்ப்பதில்லை. பாதிப் பழுதுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழைய ஸ்கூட்டர் என்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பலவற்றில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் நேரடியாக மேக்னெட்டிலிருந்து, அதாவது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பாகத்திலிருந்து, எரியும். இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியிலிருந்து எரியும். ஆகவே ஓடும்போது ஹெட்லைட் பளிச்சென்று எரிவதைப் பார்த்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது.

கையில் என்ன வேண்டும்

ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப். டெஸ்ட் லேம்பைக் கடையில் வாங்க வேண்டியதே இல்லை. பழைய 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதன் ஹோல்டரோடு எடுத்து, இரண்டு நீள வயர் இணைத்து, நுனியில் கிளிப் போட்டால் போதும். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். உள்ளே துருப்பிடித்து அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. பல்பு உறிஞ்சும், அதனால் பொய்யான வயரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள வண்டிகளில் எஞ்சின் கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும் வயர்களில் டெஸ்ட் லேம்பை வைக்கவே கூடாது. அங்கே மீட்டர் மட்டும்தான்.

கூடவே உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, இன்சுலேஷன் டேப், ஒரு முழம் வயர், கூடுதலாக இரண்டு ஃபியூஸ்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால்

சாவியைப் போட்டு ஹாரனை அடித்துப் பாருங்கள். கணீரென்று அடித்தால் பேட்டரி, மெயின் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் மூன்றும் ஏறக்குறைய தேறிவிட்டன. முனகினால் பேட்டரி பலவீனம். சத்தமே இல்லையென்றால் இந்த மூன்றுக்குள் ஏதோ ஒன்று, அல்லது ஹாரனே கெட்டிருக்கிறது.

அடுத்து பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு. 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அது கிட்டத்தட்டக் காலி. இண்டிகேட்டரைப் போட்டதும் 11-க்குக் கீழே சரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.5-லிருந்து 14.8 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் சார்ஜிங் பழுது. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, அது பல்புகளை வரிசையாகச் சுட்டுத் தள்ளும். மாதம் ஒரு பல்பு மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி அறிகுறிகள்.

ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எதுவுமே இல்லை

ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும் மீட்டரில் தொடர்ச்சி (மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று) பார்த்து உறுதிசெய்யுங்கள், மயிரிழைப் பிளவு கண்ணுக்குப் படாது. ஃபியூஸ் ஹோல்டரின் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் சாவி ஸ்விட்சின் கனெக்டரில் ஒரு வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், சாவியைத் திருப்பினால் மற்றதிலும் வர வேண்டும். வரவில்லையென்றால் ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. பேட்டரி முனை போல்ட் லூசாக இருப்பதும் இதே அறிகுறியைக் காட்டும். அதைக் கடைசியில் கண்டுபிடிப்பது பலருக்கும் நடக்கும், அதனால் முதலிலேயே ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஹாரன் அடிக்கிறது, நான்கு இண்டிகேட்டரும் எரியவில்லை

நான்கு பல்பும் ஒரே நாளில் போகாது. நான்குக்கும் பொதுவானது எது? ரிலே, அதற்கு வரும் வயர், ஹேண்டில் ஸ்விட்ச். இந்த மூன்றுதான்.

ரிலே பெரும்பாலும் முன் பேனலுக்குள் அல்லது சீட்டுக்கு அடியில் ரப்பர் உறையில் தொங்கும். இரண்டு முனை ரிலேயாக இருந்தால் பி (B) என்பது உள்ளே வரும் மின்சாரம், எல் (L) என்பது ஸ்விட்சுக்குப் போகும் முனை. மூன்று முனை என்றால் கூடுதலாக எர்த்துக்கு இ (E). ரிலேயை உருவிவிட்டு, சாவியைப் போட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு கிளிப்பைப் பேட்டரி மைனஸில் மாட்டி, மற்றதைக் கனெக்டரின் பி முனையில் வையுங்கள். எரியவில்லையென்றால் பழுது ரிலேக்கு முன்னாலேயே இருக்கிறது.

எரிந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ரிலேயின் இடத்தில் பி-யையும் எல்-லையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, இண்டிகேட்டர் ஸ்விட்சை இடப்பக்கம் தள்ளுங்கள். இடப்பக்கப் பல்புகள் சிமிட்டாமல் நின்று எரிய வேண்டும். வலப்பக்கமும் அப்படியே. எரிந்தால் ஸ்விட்ச், வயர், பல்பு, எர்த் எல்லாம் நல்லவை. ரிலே மட்டும்தான் கெட்டது, மனநிம்மதியோடு மாற்றலாம். மூன்று முனை ரிலே என்றால் மாற்றுவதற்கு முன் அதன் எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள், எர்த் இல்லாமல் புது ரிலேயும் வேலை செய்யாது. எரியவில்லையென்றால் அடுத்து ஸ்விட்ச்.

இந்த ஒரு சோதனையை எனக்கு முன்பே யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நான் ரிலே வாங்கியிருக்கவே மாட்டேன். புது மாடல்கள் சிலவற்றில் தனி ரிலேயே இருக்காது, சிமிட்டும் வேலையை மின்னணுப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். அவற்றில் இப்படி வயர் போட்டு இணைக்கக் கூடாது.

ஸ்விட்ச் மேல்தான் சந்தேகம் என்றால் உடனே புதிது வாங்காதீர்கள். உள்ளே இருப்பது சின்னச் செப்புத் தகடுகள். மழையும் தூசியும் சேர்ந்து அவற்றின் மேல் கறுப்பாக ஒரு படலம் பிடித்திருக்கும். காண்டாக்ட் கிளீனரை அடித்து, ஸ்விட்சை இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யவில்லை

மறுபக்கம் ஒழுங்காகச் சிமிட்டுகிறது என்றால் ரிலே, ஃபியூஸ், பேட்டரி மூன்றையும் மறந்துவிடலாம். ஸ்விட்சின் அந்தப் பக்கத் தகடு, அங்கிருந்து கிளம்பும் வயர், அந்தப் பக்கத்து இரண்டு பல்புகள், அவற்றின் எர்த் மட்டும்தான் மிச்சம். ஸ்விட்சிலிருந்து வரும் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் சிமிட்டுகிறதா? சிமிட்டினால் ஸ்விட்ச் நல்லது, பல்புகளை நோக்கிப் போங்கள். சிமிட்டாவிட்டால் ஸ்விட்சைச் சுத்தம் செய்யுங்கள்.

படபடவென்று வேகமாகச் சிமிட்டுகிறது

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். அதைத் தாண்டிப் படபடத்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று ரிலே உங்களிடம் சொல்கிறது. இறங்கி முன்னும் பின்னும் பாருங்கள். பழைய வகை ரிலேகளில், அதாவது உள்ளே உலோகத் தகடு சூடாகி வளைந்து வேலை செய்பவற்றில், ஒரு பல்பு போனால் வேகம் கூடாது. மெதுவாகிவிடும், அல்லது சிமிட்டாமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும்.

பல்பைக் கழற்றிப் பார்த்தால் இழை முழுதாக இருக்கும், கண்ணாடியும் கறுக்கவில்லை. அப்படியானால் ஹோல்டரைப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்பிரிங் தகடு துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டிருக்கும், பல்பின் அடிப்புள்ளியைத் தொடாது. சாவியை எடுத்துவிட்டு, சுரண்டி, மெல்லத் தூக்கிவிடுங்கள். பல்பின் வாட்டையும் படியுங்கள். முன்னால் 10 வாட், பின்னால் 5 வாட் என்று கலந்து போட்டிருந்தாலும் சிமிட்டும் வேகம் தடம் மாறும்.

எரிகிறது, சிமிட்டவில்லை, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சிமிட்டுகிறது

பேட்டரி. வேறொன்றும் இல்லை. ஐட்லிங்கில் ரிலேக்குத் தேவையான வோல்ட் கிடைக்கவில்லை, எஞ்சின் வேகமெடுத்ததும் சார்ஜிங் அதை ஈடுகட்டுகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் சிமிட்டாமல் நின்றே எரிந்தால் ரிலேயைச் சந்தேகப்படலாம்.

எல்இடி பல்பு மாற்றிய பிறகு வந்த தொல்லை

இரண்டு விதமான புகார் வரும். ஒன்று, வேகமாகச் சிமிட்டுகிறது அல்லது சிமிட்டவே இல்லை. 10 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் ஒரு சிறு பங்குதான் இழுக்கும். ரிலேயோ பல்பு எரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. இதற்குச் சரியான தீர்வு, சுமையைப் பொறுத்து வேகம் மாறாத எலெக்ட்ரானிக் ரிலே. மின்தடை வைத்து ஏமாற்றும் வழியும் உண்டு. ஆனால் அந்த மின்தடை நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக் பேனலுக்குள் அதை வைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இரண்டாவது புகார் இன்னும் சுவாரசியமானது: எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் சேர்ந்து சிமிட்டுகின்றன. வேகம் காட்டும் மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அம்புக்குறி விளக்கு இருக்கும் வண்டிகளில் இது வரும். அந்தச் சின்ன விளக்கு இடப்பக்க வயருக்கும் வலப்பக்க வயருக்கும் நடுவில் கட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் போட்டால் மின்சாரம் அதன் வழியாகப் போய், வலப்பக்கத்தின் எரியாத பல்பு இழை வழியாக எர்த்தைச் சேரும். இழைப் பல்புக்கு அந்தத் துளி மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை. எல்இடிக்கு அதுவே போதும், எரிந்துவிடும். மீட்டர் விளக்கின் ஒரு முனையை நேராக எர்த் செய்துவிட்டு, மறுமுனைக்கு இரண்டு பக்க வயரிலிருந்தும் ஆளுக்கொரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) வழியாக மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும்.

பிரேக் லைட் எரியவில்லை

இரண்டு லிவரையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இதை எத்தனையோ பேர் செய்வதில்லை. வலது லிவருக்கு எரிந்து இடதுக்கு எரியவில்லை என்றால் பல்பும் வயரும் நல்லவை, இடது லிவர் ஸ்விட்ச் மட்டும்தான் பழுது. இரண்டுக்கும் எரியவில்லை என்றால் பல்பு, அதன் ஹோல்டர், பின்னால் போகும் வயர், எர்த்.

ஸ்கூட்டரில் இன்னொரு நல்ல துப்பும் கிடைக்கும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும், பிரேக் ஸ்விட்ச் வழியாக வரும் மின்சாரம்தான் செல்ஃப் ரிலேக்கும் போகிறது. ஆகவே பிரேக் லைட்டும் எரியவில்லை, செல்ஃபும் எடுக்கவில்லை என்றால் ஸ்விட்ச் பக்கம் போங்கள். செல்ஃப் எடுக்கிறது, லைட் மட்டும் இல்லை என்றால் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம், நேராகப் பின்பக்கம் போய்ப் பல்பைக் கழற்றுங்கள்.

ஸ்விட்சைச் சோதிப்பது எளிது. லிவரின் அடியில் இரண்டு வயர் செருகியிருக்கும். இரண்டையும் உருவி ஒன்றோடொன்று தொடவிடுங்கள். லைட் எரிந்தால் ஸ்விட்ச் கெட்டது. ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் குமிழைப் பாருங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் லிவர் சும்மா இருக்கும்போது அது குமிழை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். லிவரைப் பிடித்ததும் குமிழ் வெளியே வந்து சுற்றை மூடும். மண்ணும் பழைய கிரீசும் சேர்ந்து குமிழ் உள்ளேயே சிக்கிக்கொண்டால் லைட் எரியாது. கிளீனர் அடித்து, விரலால் பலமுறை அழுத்தி விட்டால் விடுபடும்.

பல்பைப் போடும்போது ஒரு கவனம். இரண்டு இழைப் பல்பின் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரு திசையில் மட்டும்தான் ஹோல்டரில் உட்காரும். உட்காரவில்லையென்றால் பாதித் திருப்பு திருப்பிப் போடுங்கள். அமுக்கித் திணித்தால் டெயில் லைட் 21 வாட்டிலும் பிரேக் லைட் 5 வாட்டிலும் எரியும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிக்கும்போது வெளிச்சம் கூடியதாகவே தெரியாது.

பிரேக் லைட் அணையவே மாட்டேன் என்கிறது

எரியாமல் இருப்பதைப் போலவே இதுவும் ஆபத்துதான். எப்போதும் எரியும் விளக்கு நீங்கள் நிற்கப்போகிற நேரத்தில் எதையும் சொல்லாது. அதோடு, பல வண்டிகளில் லிவரைப் பிடிக்காமலேயே செல்ஃப் எடுத்துவிடும். ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் திருகியிருந்தால் வண்டி பாய்ந்துவிடும்.

ஒவ்வொரு லிவரையும் விரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளும்போது அணைந்தால் லிவர் முழுதாகத் திரும்பி வரவில்லை. கேபிள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கலாம், லிவர் போல்ட்டில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், கீழே விழுந்து லிவர் வளைந்திருக்கலாம். வேறு வகை லிவர் மாற்றிய பிறகு இந்தத் தொல்லை வந்திருந்தால், புது லிவரின் குதி குமிழை எட்டவில்லை என்று பொருள். இரண்டு லிவரையும் தள்ளியும் அணையவில்லையென்றால் ஸ்விட்ச் வயர்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அணைகிறதோ அந்த ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டையும் உருவியும் எரிகிறதா? அப்போது பல்பைக் கழற்றிப் பாருங்கள். ஓர் இழை அறுந்து மற்ற இழையின் மேல் விழுந்திருந்தால், டெயில் லைட்டின் மின்சாரம் பிரேக் இழைக்கும் பாயும். அடியில் ஒரே புள்ளி உள்ள பல்பைத் தவறுதலாகப் போட்டிருந்தாலும் இதேதான், அந்தப் புள்ளி ஹோல்டரின் இரண்டு தகடுகளையும் சேர்த்துத் தொடும்.

ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது

பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் அதே தாளத்தில் மினுக்குகிறது. பிரேக் பிடித்தால் டெயில் லைட் அணைகிறது. பார்ப்பவர்கள் வயரிங் முழுவதும் போச்சு என்று பயந்துவிடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. பல்பில் விழுந்த இழை இல்லையென்றால், இது எர்த் பழுது.

பின்பக்கப் பல்புகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே எர்த் வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வயர் துண்டிக்கப்பட்டால் மின்சாரம் சும்மா நிற்பதில்லை. பிரேக் இழை வழியாக வந்தது, எர்த் கிடைக்காமல், பக்கத்துப் பல்பின் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, அதன் வயர் வழியாக முன்னால் போய், முன்பக்கப் பல்பின் எர்த்தைப் பிடித்துவிடும். வழியில் உள்ள எல்லாம் மங்கலாக எரியும்.

உறுதிசெய்ய, பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு நீள வயரை இழுத்துப் பின் ஹோல்டரின் எர்த்தில் தொடுங்கள். தொட்டதும் எல்லாம் ஒழுங்காக எரிந்தால் பழுது கையில் கிடைத்துவிட்டது. எர்த் வயர் முடியும் போல்ட்டைத் தேடிப் போங்கள். வளையத்தையும், அது உட்காரும் உலோகத்தையும், போல்ட்டின் அடியையும் பளபளவென்று தேய்த்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வண்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்த பிறகு வந்த தொல்லை என்றால், அந்த இடத்துப் பெயிண்டைச் சுரண்டினாலே போதும்.

எர்த் முழுதாக அறுந்திருந்தால்தான் இந்தக் கூத்தெல்லாம். பாதி கெட்டிருந்தால் விளக்கு மங்கலாக எரியும், அவ்வளவுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 21 வாட் பல்பின் பாதையில் வெறும் ஒரு ஓம் தடை கூடினால் போதும், சுமார் ஒன்றரை வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் ஒன்று என்று காட்டும், பரவாயில்லை என்று விட்டுவிடுவோம். அதனால் எர்த்தை ஓமில் அளக்காதீர்கள். பிரேக்கை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2-க்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியோ சிகரெட் அட்டைத் தாளோ வைக்கவே வைக்காதீர்கள். பெரிய ஆம்பியர் ஃபியூஸும் வேண்டாம். ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், வயர் பெட்ரோல் டேங்குக்கு அடுத்தாற்போல் ஓடுகிறது. பட்டை வடிவ ஃபியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். கையேட்டில் அல்லது ஃபியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருப்பதையே போடுங்கள்.

முதலில் எப்போது போகிறது என்று பாருங்கள். பிரேக் பிடித்ததும் போனால், ஸ்விட்சுக்குப் பின்னாலுள்ள பிரேக் வயர் எங்கோ சட்டத்தைத் தொடுகிறது. இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் மட்டும் போனால் அந்தப் பக்கத்து வயர். ஹேண்டிலைத் திருப்பும்போது போனால், ஹேண்டில் தண்டைச் சுற்றி வயர்க்கட்டு உரசித் தோல் உரிந்திருக்கிறது. சாவியைப் போட்டவுடனே போனால் எல்லா ஸ்விட்சுக்கும் முன்னாலேயே பழுது.

ஒவ்வொரு முறையும் ஒரு ஃபியூஸைப் பலிகொடுக்காமல் தேட ஒரு வழி இருக்கிறது. ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயர் வழியாக இணைத்துவிடுங்கள். எஞ்சினை எடுக்காதீர்கள். பிரேக், இண்டிகேட்டர் பல்புகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் சாவியைப் போட்டு, எதில் ஃபியூஸ் போனதோ அந்த ஸ்விட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் இந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் வயருக்கு ஒன்றும் ஆகாது. இப்போது வயர்க்கட்டை அங்கங்கே பிடித்து ஆட்டுங்கள், கனெக்டர்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எங்கே தொட்டால் பல்பு மங்குகிறதோ அங்கேதான் காயம். ஹேண்டில் தண்டு, சீட் கீல், பின் மட்கார்டு துளை, எலி கடிக்கும் முன் பேனல் மூலை, இந்த நான்கு இடங்களிலேயே பெரும்பாலும் மாட்டிவிடும். உரிந்த இடத்துக்கு டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல், வயர் இனி அங்கே உரசாதபடி வழியையும் மாற்றிக் கட்டுங்கள்.

மழைக்குப் பிறகு, பள்ளத்தில் இறங்கினால், சில நேரம் மட்டும்

விட்டு விட்டு வரும் பழுது நீங்கள் தேடும்போது ஒளிந்துகொள்ளும். வரவழைத்துத்தான் பிடிக்க வேண்டும். சாவியைப் போட்டு இண்டிகேட்டரை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். ஹோல்டரை விரலால் தட்டுங்கள். கனெக்டர்களை ஆட்டுங்கள். எதைத் தொடும்போது துடிக்கிறதோ அதைக் கழற்றுங்கள். அழுத்தத் தண்ணீரில் வண்டி கழுவிய மறுநாள் வந்த பழுது என்றால் முன் பேனல் கனெக்டர்களுக்குள் தண்ணீர் நிற்கும். உலரவிட்டு, கிளீனர் அடித்து, பச்சைக் களிம்பைச் சுரண்டி, மின்சாரம் கடத்தாத கிரீஸைத் தடவிச் செருகுங்கள்.

வயர் நிறங்களை நம்பும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஹோண்டா முறை வயரிங்கில் பச்சை எர்த், கறுப்பு சாவி வழியாக வரும் 12 வோல்ட். யமஹா முறையில் கறுப்புதான் எர்த். ஒரு வண்டியில் பழகிய கண்ணோடு இன்னொன்றில் கறுப்பு வயரைச் சட்டத்தோடு இணைத்தால் ஃபியூஸ் பட்டென்று போய்விடும். உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

பேனலை மூடுவதற்கு முன்

திருகுகளைப் போடும் அவசரத்தில் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். வண்டியின் பின்பக்கத்தை ஒரு சுவரை நோக்கி, ஒரு முழத் தூரத்தில், இருட்டிய பிறகு நிறுத்துங்கள். துணைக்கு ஆள் வேண்டாம். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், வலது லிவரை மட்டும் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள், சுவரில் சிவப்பு கூட வேண்டும். விட்டால் குறைய வேண்டும். அப்புறம் இடது. வண்டியை நிறுத்தும் விசை வருவதற்கு முன்பே, லிவரின் சும்மா அசைவு முடியும் இடத்திலேயே லைட் எரிந்துவிட வேண்டும். பிறகு இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே பிரேக் பிடியுங்கள், சிவப்பு மங்காமலும் மஞ்சள் தாளம் தப்பாமலும் இருக்கிறதா பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்து இதையே இன்னொரு முறை செய்துவிட்டு, அப்புறம் பேனலை மூடுங்கள்.